பறவை இடுப்புக் கட்சி

இது ஒரு நாற்காலியைப் பற்றிய கதை. சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி. முதுகில் ஒரு விரிசல், அதைக் கம்பி போட்டுத் தைத்திருந்தோம். திருக்காட்டுப்பள்ளி சாலையில் இருக்கிற டைனோ தோட்டத்தின் டிக்கெட் கவுண்டரில் அது கிடந்தது. மூன்று வருடம் நான்தான் அதில் உட்கார்ந்து டிக்கெட் கிழித்தேன். உட்கார்ந்திருப்பதெல்லாம் ஒரு வேலையா ரோஸ்லின் என்று என் மாமியார் கேட்பார். நாள் முழுக்க நின்று வேலை செய்தவர்கள் யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை.

அந்தப் பொங்கலுக்கு எனக்கு ஏழு மாதம். காணும் பொங்கல் கூட்டம் முடிந்ததும் நின்றுகொள்கிறேன் என்று மேனேஜர் வேதநாயகம் சாரிடம் மார்கழியிலேயே சொல்லிவிட்டேன். சொன்ன அன்றைக்கே அம்சக்கா கவுண்டர் பக்கம் வந்தார். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு நாற்காலியை ஒரு பார்வை பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

“நீ போனப்புறம் இதுல யாரு பாப்பா?”

“தெரியலக்கா.”

“ம்” என்றார். துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அம்சக்காவுக்கு ஐம்பத்தைந்து வயது. பூங்காவைக் கழுவித் துடைக்கிற வேலை. அதற்கு முன்னால் முப்பது வருடம் நடவு. நடவு இயந்திரம் வந்தது, வேலை போனது, இந்த வயலையும் மேடாக்கி டைனோசர்களை நிறுத்தினார்கள், அக்கா இங்கேயே வேலைக்கு வந்துவிட்டார். ஆமாம், அவர் குனிந்து நட்ட அதே வயல்தான். ஒரு முறை வீடியோ எடுக்க வந்த ஒருவர், “பச்சைப் பசேல்னு இருந்த வயலை நினைச்சா உங்களுக்கு வருத்தமா இல்லையாம்மா?” என்று மைக்கை நீட்டினார். “நெனச்சாலே இடுப்பு விண்ணுங்குது, போங்க தம்பி” என்று சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டார். அந்த வீடியோவில் அது வரவில்லை.

இடுப்புதான் விஷயம். இரண்டு பக்க மூட்டும் தேய்ந்துவிட்டதாகத் தஞ்சாவூரில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துச் சொல்லியிருந்தார்கள். குனியக் கூடாது, ரொம்ப நேரம் நிற்கக் கூடாது, உட்கார்ந்து பார்க்கிற வேலையாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றாராம் டாக்டர்.

“உக்காந்து பாக்குற வேலை நம்ம பக்கம் எங்க பாப்பா வெளையுது?” என்றார் என்னிடம். நான் அப்போது உட்கார்ந்துதான் இருந்தேன். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

எங்கள் தோட்டத்தில் ஒன்பது டைனோசர்கள். வருகிறவர்கள் அவற்றைப் பார்த்துப் பயப்படுவார்கள், கட்டிப்பிடித்துப் படம் எடுப்பார்கள். அம்சக்காவுக்கு ஒவ்வொன்றும் ஒரு வேலை. நீள்கழுத்துக்காரர்கள் இரண்டு பேர். அவர்கள் கழுத்தில் காக்கையும் நீர்க்காகமும் உட்கார்ந்து எச்சம் போடும், ஏணி வைத்து ஏறித் தேய்க்க வேண்டும். முதுகில் தட்டுத் தட்டாக நிற்கிறவனுக்கு இரண்டு தட்டுக்கு நடுவில் மழைத்தண்ணீர் தேங்கிக் கொசுப்புழு நெளியும், டம்ளரால் மொண்டு ஊற்ற வேண்டும். கவசக்காரன் மேலெல்லாம் முண்டு முண்டாக இருக்கும், துணியைக் கிழித்துவிடுவான். மூன்று கொம்புக்காரனின் கழுத்து விசிறியில் சருகு சேரும். வாத்து அலகுக்காரனின் வாயில் யாராவது தினமும் ஐஸ் குச்சி வைப்பார்கள். மொட்டை மண்டைக்காரன் மட்டும் புண்ணியவான், ஒரு துடைப்பில் முடிந்துவிடும். இறகு ஒட்டிய குட்டி மாமிசக்காரன் மேல் ஈரத்துணியே படக் கூடாது, கோழி இறகால் தட்டித்தான் எடுக்க வேண்டும். சின்னக் கையும் பெரிய வாயுமாக நிற்கிற பெரிய மாமிசக்காரன் வாய்க்குள் பேப்பர் கப்பை எறிவது ஊர்க்காரர்களின் விளையாட்டு. அதை எடுக்க அக்கா தினமும் பல்லுக்கு நடுவில் தலையை விட வேண்டியிருந்தது.

இதற்கிடையில் ஐந்து கம்பங்களில் ஸ்பீக்கர் கட்டி, காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரே ஒலிப்பதிவை ஓடவிட்டிருந்தார்கள். “வணக்கம் குழந்தைகளே! டைனோசர்களை விஞ்ஞானிகள் இரண்டு பெரும் பிரிவுகளாகப் பிரித்திருக்கிறார்கள். பல்லைப் பார்த்தா? இல்லை. நகத்தைப் பார்த்தா? இல்லை. இடுப்பெலும்பைப் பார்த்து!” ஒரு நாளைக்கு முப்பது தடவை. மூன்று வருடத்தில் அது என் காதில் மின்விசிறிச் சத்தம் மாதிரி ஆகிவிட்டது. அக்கா மட்டும் அதைக் கேட்டிருக்கிறார். நுழைவாயிலில் வெள்ளையடித்த இரண்டு இடுப்பெலும்பு மாதிரிகள் உண்டு. எக்ஸ்ரே எடுத்து வந்த பிறகு அதன் முன்னால் மாப்பை ஊன்றிக்கொண்டு அவர் ரொம்ப நேரம் நிற்பார்.

“இந்தா பாரு பாப்பா. இதுக்கு இந்த எலும்பு முன்னால பாத்து போவுது. இது பல்லி இடுப்பு. அதுக்கு அதே எலும்பு பின்னால போவுது. அது பறவை இடுப்பு. நாங்கள்லாம் முப்பது வருஷம் நாத்த நட்டு நட்டுப் பின்னாலயே நடந்தவங்க. நான் பறவை இடுப்புக் கட்சி.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிக்கும்போதும் ஒரு கை இடுப்பில்தான் இருந்தது.

அந்த நாற்காலியை அவருக்கு வாங்கிக் கொடுத்தே தீர்வது என்று அன்றைக்குத்தான் முடிவு செய்தேன். அவராகக் கேட்க மாட்டார். “அக்கா, நீங்களே சார்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்களேன்” என்றதற்கு, “எங்கம்மா மிராசு வீட்டு வாசல்ல கூலிக்கு நிப்பா. பேறுகாலத்துக்கு முந்தின நாளும் நின்னா. உக்காருன்னு அவங்க சொன்னதும் இல்ல, உக்காரவான்னு இவ கேட்டதும் இல்ல. எனக்கும் அது வாயில வர மாட்டேங்குது, என்ன செய்ய?” என்றார். கோபமில்லை. சலிப்பு. எனக்குத்தான் கோபம் வந்தது.

நானே போய்க் கேட்டேன். வேதநாயகம் சார் கெட்டவர் இல்லை. எங்கள் மாதா கோவிலில் ஞாயிறு பூசைக்கு வாசகம் வாசிப்பவர், யாரையும் அதட்டாதவர். ஆனால் அவருக்கு எதுவும் ஒரு தடவை சொன்னால் உறைக்காது.

“அம்சமா? கவுண்டருக்குப் படிக்கத் தெரிஞ்ச ஆள் வேணும்மா. ஸ்கூல்லேருந்து லெட்டர் வரும், ஃபோன்ல மெசேஜ் பாக்கணும்.”

“படிப்பாங்க சார். அஞ்சாவது வரைக்கும் போயிருக்காங்க.”

“அப்படியா?” என்று நம்பாமல் சிரித்தார். “பாக்கலாம், பாக்கலாம்.”

அவர் பாக்கலாம் என்றால் இல்லை என்று அர்த்தம். அது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

கூடவே மழை. அந்த வருடம் ஐப்பசியில் தொடங்கியது விடவே இல்லை. மார்கழியிலும் ஒரு புயல் வந்தது. ஒரு மதியம் இடி விழுந்து ஆம்ப்ளிஃபையர் கருகியது, அதில் செருகியிருந்த ஒலிப்பதிவும் போயிற்று. பேசிக் கொடுத்த ஆள் எங்கே இருக்கிறார் என்று யாருக்கும் தெரியவில்லை. ஒன்பது டைனோசர்களும் தோல் உரிந்து நின்றன. பூங்காவை மூடி, மயிலாடுதுறைப் பக்கமிருந்து இராஜாங்கம் என்கிற பெயிண்டரைக் கூட்டி வந்தார்கள். கும்பாபிஷேகத்துக்குக் கோபுரம் கோபுரமாக வர்ணம் தீட்டுகிறவர். கை அவ்வளவு சுத்தம். ஆனால் எதையும் சாமி வேலை மாதிரிதான் செய்வார். உடம்பெல்லாம் தீட்டிவிட்டுக் கண்ணை மட்டும் விட்டுவைத்தார். கண் திறப்பு கடைசி நாள்தானாம். வர்ணம் தெறிக்குமென்று பெயர்ப் பலகைகளையெல்லாம் கழற்றி அடுக்கியவர், வேலை முடிகிற நேரத்தில் தானே திருப்பி மாட்டிவிட்டார்.

போகிக்கு முந்தின நாள் நான் மெல்ல ஒரு சுற்று நடந்தேன். மூன்று கொம்புக்காரன் முன்னால் ‘கொடிய மாமிச உண்ணி’ என்று பலகை. வாயெல்லாம் பல்லாக நிற்கிற பெரிய மாமிசக்காரன் முன்னால் ‘சாதுவான தாவர உண்ணி’. நீள்கழுத்துக்கு ‘வாத்து போன்ற அலகு உடையது’. எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே ஒரு யோசனையும் வந்தது. இப்போது நினைத்தால் அந்த யோசனை வராமலே இருந்திருக்கலாம்.

அக்காவைத் தேடிப் போனேன். வாய்க்கால் ஓரத்தில் வாளி கழுவிக்கொண்டிருந்தார்.

“அக்கா, பலகையெல்லாம் மாறிக் கெடக்கு. பாத்தீங்களா?”

“காலையிலயே பாத்தேன். எனக்கெதுக்கு வம்பு?”

“நாளைக்கு சார் ரவுண்டு வருவாரு. நீங்களே படிச்சுக் காட்டி எது எதுன்னு சொல்லுங்க. படிப்பீங்கன்னு அவருக்குத் தெரிஞ்சாப் போதும்.”

“தெரிஞ்சா?”

“நாற்காலி.”

அக்கா வாளியைக் கவிழ்த்து வைத்தார். இடுப்பில் கையை ஊன்றி இரண்டு தவணையாக நிமிர்ந்தார். சரி என்று சொல்லவில்லை. ஆனால் மறுநாள் தலைக்குக் குளித்து, நல்ல சேலை கட்டி வந்திருந்தார்.

இராஜாங்கம் சாரத்தின் மேல் நின்று பெரிய மாமிசக்காரனுக்குக் கண் எழுதிக்கொண்டிருந்தார். வேதநாயகம் சார் கீழே நின்று அண்ணாந்து பார்த்து, “பிரமாதம்” என்றார். நான் அக்காவை லேசாக முழங்கையால் இடித்தேன்.

“சார்” என்றார் அக்கா. மறுபடி, “சார், பலகை மாறியிருக்கு” என்றார்.

“என்ன மாறியிருக்கு?”

அக்கா பலகைக்குப் பக்கத்தில் போய் விரல் வைத்து, எழுத்துக் கூட்டாமல், நிறுத்தி நிறுத்திப் படித்தார். “சாதுவான தாவர உண்ணி. நான்கு கால்களில் நடக்கும். மூக்கின் மேல் ஒன்றும் நெற்றியில் இரண்டுமாக மூன்று கொம்புகள்.” படித்துவிட்டு மேலே காட்டினார். “இவனுக்குக் கொம்பு எங்க சார் இருக்கு? ரெண்டு காலுல நிக்கிறான்.”

மேலேயிருந்து இராஜாங்கம் தூரிகையை எடுத்துக்கொண்டு குனிந்தார். “அம்மா, நான் நாப்பது வருஷமாக் கோபுரத்துல வேலை பாக்குறேன். கொம்பு மொளைச்சிருந்தா அசுரன். அவன் சாதுன்னு யாரு ஒத்துக்குவா? இவனைப் பாருங்க, சின்னதா ரெண்டு கை, கும்புடுற மாதிரி வச்சிருக்கான்.”

“அவன் கும்புடல. அவன் வாய் போதும்னு கைய விட்டுட்டான்” என்றார் அக்கா. “கொம்பு இருக்கே, அது தின்னுறதுக்கு இல்ல, தடுக்குறதுக்கு. கொம்புக்காரன் வாயப் பாருங்க, கிளி மூக்கு மாதிரி. பறவை இடுப்பு உள்ளவன் அத்தனை பேரும் தழை திங்கிறவன்தான். தட்டு முதுகு, கவசக்காரன், கொம்புக்காரன், வாத்து மூக்கு, மொட்டை எல்லாம் அந்தக் கட்சி. பல்லி இடுப்புல ரெண்டு வகை. நாலு காலுல நிக்கிற நீட்டுக் கழுத்து, அவனும் தழைதான். ரெண்டு காலுல மூணு வெரல் ஊனி நிக்கிறவன் கறி திங்கிறவன். இந்தப் பெரியவனும் அந்த எறகு வச்ச சின்னவனும் ஒரே வம்சம். இதுல என்ன வேடிக்கைன்னா சார், காக்கா குருவியெல்லாம் பறவை இடுப்புலேருந்து வரல. இந்தப் பல்லி இடுப்பு வம்சத்துலேருந்துதான் வந்துச்சு. பேரு ஒரு பக்கம், பொறப்பு ஒரு பக்கம்.”

மூச்சு வாங்கியது அவருக்கு. நான் பெருமையில் பூரித்து நின்றேன். நானே பெற்றுப் போட்டது மாதிரி.

வேதநாயகம் சார் வாய் பிளந்து நின்றார். “அம்சம், இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?” மூன்று வருடமாக ‘நீ, வா, போ’ என்றவர் முதல்முறையாக ‘உங்களுக்கு’ என்றார்.

“மூணு வருஷமா இதுங்களத்தான் கழுவுறேன். ரேடியோ வேற காதுலயே கத்திக்கிட்டு இருந்துச்சு.”

சார் கையைத் தட்டினார். “அடடா! ஒலிப்பதிவு போச்சே, காணும் பொங்கலுக்கு என்ன செய்யறதுன்னு ராத்திரி தூக்கமில்லாம இருந்தேன். ஆண்டவரே வழி காட்டிட்டாரு. வாடகை மைக் செட் சொல்லிடறேன். நீங்கதான் இனிமே நம்ம கைடு. துடைப்பத்தைத் தொடவே வேண்டாம்.”

“சார், கவுண்டர்...” என்றேன் நான்.

“கவுண்டருக்கா? என் அக்கா பொண்ணு சும்மாதாம்மா இருக்கா, அவளை வரச் சொல்லிக்கலாம். இவ்வளவு தெரிஞ்சவங்களைக் கூண்டுக்குள்ள உக்கார வச்சா நல்லாவா இருக்கும்?”

“அவங்களுக்கு இடுப்பு முடியாது சார். நடுநடுவுல உக்காரலாமா?”

“நடக்குறது நல்லதுதானே. கைடு உக்காந்துட்டா வந்தவங்களுக்கு எப்படியிருக்கும், சொல்லு?” அன்பாகத்தான் சொன்னார். அதுதான் கொடுமை.

அக்கா என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். “நல்லாப் போச்சு பாப்பா” என்றார், அவ்வளவுதான். மரியாதை கிடைத்தது. நாற்காலி கிடைக்கவில்லை. அன்று வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் படுத்துவிட்டேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால், சார் வேறு ஆள் தேடி அலுத்துப்போய் அக்காவுக்கே அந்த நாற்காலியைக் கொடுத்திருப்பாரோ என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

காணும் பொங்கலன்று வாசலில் பந்தல் போட்டு, சிறப்பு விருந்தினர்களுக்கு வெள்ளைத்துணி மூடிய நாற்காலிகள் போட்டிருந்தார்கள். இராஜாங்கம் மாமிசக்காரன் காலடியில் பூசணிக்காய் உடைத்துத் திருஷ்டி கழித்தார். விருந்தினர்கள் வந்தார்கள், ரிப்பன் வெட்டினார்கள், பத்து நிமிடத்தில் போய்விட்டார்கள். வெள்ளைத்துணி நாற்காலிகள் ஆறும் நாள் முழுக்கக் காலியாகக் கிடந்தன.

அக்காவுக்கு மஞ்சள் தொப்பி, கையில் கம்பியில்லாத மைக். கவுண்டரிலிருந்து எனக்கு அவர் தெரியவில்லை. குரல் மட்டும் ஐந்து கம்பத்திலிருந்தும் வந்தது. முதல் சுற்றில் குரல் கணீரென்று இருந்தது. ஜனங்கள் கைதட்டினார்கள். மூன்றாவது சுற்றில் வாக்கியங்கள் குட்டையாகின. ஐந்தாவதில் ஒவ்வொரு டைனோசருக்கும் நடுவில் ஒரு மூச்சு கேட்டது. உச்சி வெயிலில் ஏழாவது சுற்று. “இது தட்டு முதுகு. இந்தத் தட்டு... இந்தத் தட்டு எதுக்குன்னா...” அதோடு நின்றுவிட்டது. ஸ்பீக்கரில் இரைச்சல் மட்டும் ஓடியது.

என்னால் அதற்கு மேல் உட்கார முடியவில்லை. கவுண்டரைச் சாத்திவிட்டு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். வயிறு இடித்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனால், அக்கா தட்டு முதுகுக்காரனின் வாலைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். முகம் வெளுத்திருந்தது. என்னைப் பார்த்ததும்தான் உயிர் வந்தது.

“ஏண்டி, ஏழு மாசத்துல நாற்காலி தூக்கிட்டு வர்றியா? அறிவு இருக்கா? வைடி கீழ. அதுலயே உக்காரு!”

மைக் கையில்தான் இருந்தது. ஐந்து கம்பத்திலிருந்தும் என்னைத் திட்டினார். தோட்டம் முழுக்கச் சிரித்தது. நான் உட்கார்ந்துவிட்டேன்.

அக்கா வாலை விட்டார். நொண்டி நொண்டிப் பந்தலுக்குப் போனார். ஒரு வெள்ளைத்துணி நாற்காலியின் முதுகைப் பிடித்து இழுத்தார். சரளைக்கல்லில் அது உரசுகிற சத்தம் ஸ்பீக்கரில் கரகரவென்று கேட்டது. வேதநாயகம் சார் ஓடிவந்தார்.

“அம்சம், அது விருந்தினர் நாற்காலி.”

“விருந்தினர் போயிட்டாங்க சார்.”

“இல்ல, கைடுன்னா நின்னு...”

“சார்.” அக்கா நின்றார். “முப்பது வருஷம் இந்த வயல்ல குனிஞ்சு நின்னேன். மூணு வருஷம் இதுங்களக் கழுவிக்கிட்டு நின்னேன். எங்கம்மாவும் நின்னா. இனிமே என்னால நிக்க முடியாது. உக்காந்து சொல்றேன், கேக்குறவங்க கேக்கட்டும். வேணாம்னா வேற ஆளப் பாத்துக்குங்க.”

சார் சுற்றிலும் பார்த்தார். குரலைத் தாழ்த்தி, “மைக்கை அணைங்க அம்சம்” என்றார். அதுவும் ஐந்து கம்பத்திலும் கேட்டது. கூட்டத்தில் யாரோ ஒரு அம்மாள், “உக்காரட்டுமே சார், உங்க வீட்டு நாற்காலியா?” என்றார். சார் ஒதுங்கி வழிவிட்டார்.

நீள்கழுத்தின் வயிற்றடியில் நல்ல நிழல். அக்கா நாற்காலியை அங்கே போட்டார். வெள்ளைத்துணியை உருவி மடித்துக் கைப்பிடியில் வைத்தார். ஒரு கையை ஊன்றி, மெதுவாக, பாதி வழியில் ஒரு தடவை நின்று, உட்கார்ந்தார்.

“அப்பாடா” என்றார். அதுவும் ஐந்து கம்பத்திலும் கேட்டது. யாரும் சிரிக்கவில்லை.

“எல்லாரும் அப்படியே நெழல்ல உக்காருங்க. நிக்காதீங்க. இடுப்புலேருந்து ஆரம்பிப்போம்.”

சுற்றி நின்றவர்கள் உட்கார்ந்தார்கள். முன்வரிசையில் ஒரு சின்னப் பெண் கையைத் தூக்கினாள். “டைனோசரெல்லாம் உக்காருமா?”

அந்த ஒலிப்பதிவில் இது இல்லை. பலகைகள் எதிலும் இல்லை. அக்கா அண்ணாந்து நீள்கழுத்தின் வயிற்றைப் பார்த்தார்.

“இடுப்புன்னு ஒண்ணு இருந்தா உக்காந்துதான கண்ணு ஆகணும்” என்றார்.